ஒரு பிரேக்கின் ஜாதகம்: ஜாகுவார் சி-டைப்பும் 'ஒரிஜினல்' என்கிற வார்த்தையும்

2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டெரே நகரத்து ஏலத்தில் ஒரு பழைய ஜாகுவார் கார் விற்பனையானது. விலை 1 கோடியே 32 லட்சம் டாலர். அன்றைய கணக்குக்கு ஏறக்குறைய 85 கோடி ரூபாய். காரின் பெயர் சி-டைப், சேஸிஸ் எண் எக்ஸ்.கே.சி. 052. 1953-ஆம் வருடத்து லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்தக் கார் நான்காவதாக வந்தது. ஜெயித்ததுகூட இல்லை, கவனியுங்கள்.

சி-டைப் கார்கள் மொத்தமே 53 தான் செய்தார்கள். அவற்றில் 43 கார்கள், பெரும்பாலும் அமெரிக்காவில், தனியாருக்குப் போயின. இந்த 052-க்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை? 1953 லெ மான்ஸுக்கென்று ஜாகுவார் தனியாகத் தயாரித்த மூன்று எடை குறைந்த கார்களில் இது ஒன்று. உடம்புக்கு மெல்லிய அலுமினியத் தகடு, சாதாரண சி-டைப்பில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டருக்குப் பதிலாக மூன்று வெபர் கார்புரேட்டர், உலோக டேங்குக்குப் பதிலாக ரப்பர் பை போன்ற பெட்ரோல் டேங்க். எல்லாவற்றுக்கும் மேலே, நான்கு சக்கரத்திலும் டன்லப் டிஸ்க் பிரேக்.

அந்தக் கடைசி ஐட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எழுபது வருடம் ஓடிய ஒரு பந்தயக் காரில் இருக்கும் பிரேக், அந்தக் காலத்தில் பூட்டிய அதே பிரேக்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்க ஏதோ மெக்கானிக் சமாசாரம் போலத் தோன்றும். ஆனால் இதற்குள் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சட்டம், நிறையப் பணம் எல்லாம் இருக்கிறது.

முதலில் வரலாறு.

டிஸ்க் பிரேக் என்பது ஜாகுவாரின் கண்டுபிடிப்பு அல்ல. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அடுத்த ஐம்பது வருடத்துக்குக் கார் உலகம் டிரம் பிரேக்கோடுதான் குடும்பம் நடத்தியது. டிரம் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். சக்கரத்தோடு சுற்றும் ஒரு வட்டமான டப்பா. அதற்குள்ளே இரண்டு ஷூ. மிதித்தால் ஷூ விரிந்து டப்பாவின் உட்சுவரை உரசும். இதில் ஒரு வசதி உண்டு. டிரம் சுற்றுகிற வேகமே ஷூவை இன்னும் இறுக்கமாக இழுத்துப் பிடிக்கும். ஓட்டுபவர் பாதி பலம் கொடுத்தால் போதும், மீதியை டிரம் பார்த்துக்கொள்ளும்.

பிரச்னை சூட்டில்தான். உரசலால் வரும் வெப்பம் மூடிய டப்பாவுக்குள் மாட்டிக்கொள்கிறது. சூட்டில் டிரம் விரிகிறது. அதாவது ஷூவை விட்டு விலகிப் போகிறது. லைனிங்கும் சூடானால் வழுக்க ஆரம்பிக்கும். மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும், கார் நிற்காது. தெருவில் ஓட்டுபவருக்கு இது எப்போதாவது மலை இறக்கத்தில் வரும் தொல்லை. லெ மான்ஸில்? அங்கே முல்சான் என்ற நேர்ச்சாலை கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் (நடுவில் வேகத்தடுப்பு வளைவுகள் வந்ததெல்லாம் 1990-ல்தான்). மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கடைசியில் ஒரு கூர்மையான வலது வளைவுக்காக ஏறக்குறைய தவழும் வேகத்துக்குக் குறைக்க வேண்டும். இதை ஒரு நாள் முழுக்க, ராத்திரி பகலாக, முந்நூறு தடவை செய்ய வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் டப்பா கிடையாது. வெளியே காற்றில் சுற்றும் ஒரு இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி பிடிக்கும் காலிப்பர், அதற்குள் பேட். தட்டு சூடாகி விரிந்தாலும் பேட்டை நோக்கித்தான் விரியும். பிடி விட்டுப் போகாது. ஆனால் டிரம்மைப் போலத் தனக்குத் தானே இறுக்கிக்கொள்ளும் குணம் இதற்கு இல்லை. மிதிக்கும் காலில் பலம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு எங்கிருந்தாவது அழுத்தம் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

டன்லப் என்றதும் டயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் கோவென்ட்ரியில் இருந்த டன்லப்பின் விமானப் பிரிவு, விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்துகொண்டிருந்தது. ஜாகுவாரும் கோவென்ட்ரிதான், ஒரே ஊர்க்காரர்கள். ஜாகுவாரின் தலைமை எஞ்சினியர் வில்லியம் ஹெய்ன்ஸ், டன்லப்பின் எஞ்சினியர் ஹரால்ட் ஹாட்கின்சன், 1952-ல் ஜாகுவாரில் சேர்ந்த சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் எல்லோரும் சேர்ந்து இதைக் காருக்குப் பழக்கினார்கள். 'பழக்கினார்கள்' என்று சும்மா சொல்லவில்லை. விமானத்துக்கு இறங்கும்போது ஒரே ஒரு தடவை பலமாகப் பிடித்தால் போதும். அடுத்து இறங்குவதற்குள் ஆறிவிடும். காருக்கு அந்த அவகாசம் கிடையாது. சோதனையில் பிரேக் எண்ணெய் கொதித்தது. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. மிதித்தால் கால் தரைக்குப் போகும். அது போதாதென்று, வளைவில் திரும்பும்போது தட்டு லேசாக ஆடி பிஸ்டன்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த வளைவில் முதல் மிதி வெறும் மிதி. மணிக்கு 200 கிலோமீட்டரில் வெறும் மிதி மிதித்த டூயிஸ் என்ன நினைத்திருப்பார்? மனுஷர் அதையெல்லாம் தாண்டி நெடுநாள் வாழ்ந்து 2019-ல்தான் காலமானார் என்பது ஒரு ஆறுதல்.

1952 மே மாதம் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்ட, பக்கத்தில் டூயிஸ் உட்கார, டிஸ்க் பிரேக் போட்ட சி-டைப் கலந்துகொண்டது. ஸ்டியரிங் கோளாறால் முடிக்க முடியவில்லை. பிரேக் தன் வேலையைச் செய்தது. அடுத்த மாதம், ஜூன் 29-ஆம் தேதி, பிரான்ஸின் ரெய்ம்ஸில் அதே மாஸ் டிஸ்க் பிரேக் காரில் ஜெயித்தார். டிஸ்க் பிரேக் காருக்கு அது வரலாற்று வெற்றி. அந்தக் கார் ஜாகுவாரின் சொந்தக் கார் அல்ல என்பது இங்கே முக்கியம். டாமி விஸ்டம் என்பவருடைய கார், எக்ஸ்.கே.சி. 005. இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

அந்த வருட லெ மான்ஸ் ஒரு சோகக் கதை. மெர்சிடிஸின் வேகத்துக்குப் பயந்து கடைசி நேரத்தில் காரின் மூக்கை நீட்டி, குளிரூட்டும் ஏற்பாட்டையும் மாற்றினார்கள். எஞ்சின் கொதித்து மூன்று கார்களும் சீக்கிரமே வெளியேறின. அந்தக் கார்களில் இருந்தது டிரம் பிரேக்.

1953-ல் மூன்று கார்களும் டிஸ்க்கோடு வந்தன. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி 304 சுற்று ஓடி முதலிடம். சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முந்தைய வருடம் ஜெயித்த மெர்சிடிஸின் சராசரி 155 தான். லெ மான்ஸில் மணிக்கு 100 மைல் சராசரியைத் தாண்டியது அதுவே முதல் தடவை. மாஸ், பீட்டர் வாக்கர் ஜோடி இரண்டாவது. மூன்றாவது வந்தது அமெரிக்கரான கன்னிங்ஹாமின் கார்; பெரிய டிரம் பிரேக். நான்காவது நம்ம 052. (ரோல்ட்டும் ஹாமில்டனும் முந்தின ராத்திரி குடித்துவிட்டு வந்து ஓட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அணி மேலாளர் லாஃப்டி இங்கிலாந்து அதை மறுத்திருக்கிறார். கதை மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.)

இந்த வெற்றிக்குப் பின்னால் பந்தய உலகம் மாறிவிட்டது, எல்லோரும் ஒரே நாளில் மாறவில்லை என்றாலும். 1955 லெ மான்ஸில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். இன்னமும் டிரம்தான் வைத்திருந்தது. போதாததற்குப் பின்பக்கம் ஒரு பெரிய தகடு எழும்பிக் காற்றைத் தடுக்கும்படி செய்திருந்தார்கள். அந்தப் பந்தயத்தில்தான் மைக் ஹாதார்ன் தன் டிஸ்க் பிரேக் ஜாகுவார் டி-டைப்பைப் பிட்டில் நிறுத்தப் பிரேக் போட, பின்னால் வந்த லான்ஸ் மக்ளினின் ஆஸ்டின்-ஹீலி ஒதுங்க, அதன் மேல் பியர் லெவேயின் மெர்சிடிஸ் மோதிப் பறந்து பார்வையாளர்கள் நடுவே விழுந்தது. லெவேயும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். யார் தப்பு என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. குறுகலான பாதை, பாதையிலிருந்து பிரிக்கப்படாத பிட் எல்லாம் அதில் சேரும். ஒரே பாதையில் வேறு வேறு விதமாக நிற்கும் கார்கள் ஓடின என்பதையும் அந்த வாதத்தில் யாரும் விட்டுவிடுவதில்லை.

சரி, இப்போது ஒரு சி-டைப்போ டி-டைப்போ எதிரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் "எல்லாம் ஒரிஜினல்" என்கிறார். எங்கே பார்ப்பது?

சுலபமானது அளவு. டி-டைப்பின் டிஸ்க் விட்டம் 12¾ அங்குலம், அதாவது சுமார் 324 மில்லிமீட்டர். ஜாகுவார் பிற்பாடு தெருக் கார்களுக்கும் டன்லப் டிஸ்க் போட ஆரம்பித்தது. 1957-ல் வந்த எக்ஸ்.கே.150-ல் 12 அங்குலம், 1961-ல் வந்த இ-டைப்பின் முன் சக்கரத்தில் 11 அங்குலம். எக்ஸ்.கே.150, இ-டைப் எல்லாம் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை, பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். அதனால் பழுதான பந்தயக் காருக்கு இவற்றின் பிரேக்கை எடுத்து மாட்டுவது இயல்பு. ஒரு டேப் எடுத்து அளந்தால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. இதுதான் இந்தப் பிரேக்கின் கையெழுத்து. தெருக் காரில் ஒரு டிஸ்க்குக்கு ஒரு ஜோடி பேட். டி-டைப்பின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் மூன்று ஜோடி, பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடி. கூட்டிப் பாருங்கள்: முன்னால் 12, பின்னால் 8, மொத்தம் 20 பேட். ஒவ்வொன்றும் வட்டமான பேட், கிட்டத்தட்ட பெரிய காசு மாதிரி. பின்னாளில் வந்த டன்லப் காலிப்பர்களில் பேட் சதுரமானது, சீக்கிரம் கழற்றி மாட்டும்படி. எக்ஸ்.கே.150-யிலேயே முதலில் வட்டம், பிறகு சதுரம். ஆக ஒரு காலிப்பரில் சதுரப் பேட் இருந்தால் அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கிறது.

மூன்றாவது, பலரும் மறந்துவிடுவது: பம்ப். டிஸ்க்குக்குத் தானே இறுக்கும் குணம் இல்லை என்று பார்த்தோம் அல்லவா? அந்தக் குறையைத் தீர்க்க கியர்பாக்ஸின் பின்பக்கம் பிளெஸ்ஸி நிறுவனத்தின் ஒரு பம்ப்பைப் பொருத்தினார்கள். கார் ஓடினால் பம்ப் ஓடும், பிரேக்குக்கு அழுத்தம் தரும். கார் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும், அப்புறம் காலின் பலம் மட்டும்தான். இது தெருவில் ஓட்ட ரொம்ப அசௌகரியமான ஏற்பாடு. அதனால் பிற்காலச் சொந்தக்காரர்கள் பலருக்கு இதைக் கழற்றிவிட்டுச் சாதாரண வாக்யூம் சர்வோ வைப்பதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும். காலிப்பர் பளபளவென்று சரியாக இருந்து, கியர்பாக்ஸின் பின்னால் பம்ப் இல்லை என்றால், அந்தக் காலிப்பர் எப்போது வந்தது என்று கேட்க வேண்டும். காலிப்பர் வெளியே தெரியும், ஏலப் புத்தகத்தின் போட்டோவில் வரும். பம்ப் காருக்கு அடியில் இருட்டில் இருக்கும். ஏமாற்ற நினைப்பவர் எதில் செலவு செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை :-)

அப்புறம் போட்டோ. சி-டைப்புக்குக் கம்பிச் சக்கரம். கம்பிகளின் இடுக்கு வழியாக டிரம்மா டிஸ்க்கா என்று பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். டிரம் என்றால் இருட்டான வட்டம், டிஸ்க் என்றால் மின்னும் தட்டும் அதைக் கவ்வியிருக்கும் காலிப்பரும். டி-டைப்புக்கு இந்த வசதி குறைவு. அதற்கு அலாய் தட்டுச் சக்கரம், சிறு துளைகள்தான். படத்தோடு சேஸிஸ் எண், பதிவு எண், பந்தய எண், தேதி எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. ஆனால் பதிவேட்டில் கார் தொழிற்சாலையை விட்டுப் போன நாளின் நிலவரம்தான் இருக்கும். அதற்குப் பிறகு பட்டறையில் யார் எதை மாற்றினார்கள் என்பது அதில் ஏறாது.

உலோகமும் பேசும். வார்ப்பில் வந்த எழுத்து, அச்சுக் கோடு, எண் குத்திய விதம் இவை ஒரு பக்கம். கையால் ஓட்டிய லேத்தில் கடைந்த பாகத்துக்கும் இன்றைய கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டிய பாகத்துக்கும் மேற்பரப்பில் வித்தியாசம் உண்டு. போல்ட்டின் மரை அங்குலக் கணக்கில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கார் ஒன்றின் 1953-ஆம் வருடத்துக் காலிப்பரில் மில்லிமீட்டர் மரை இருந்தால் அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. கையடக்க எக்ஸ்-ரே கருவியை வைத்து உலோகக் கலவையைக்கூட அளக்கிறார்கள் இப்போது. ஆனால் இதிலெல்லாம் ஒரு சிக்கல்: பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம், உண்மையை நிரூபிப்பது கஷ்டம். சரியான காலத்துக் காலிப்பர் என்று உலோகம் சொல்லும். இந்தக் காரின் காலிப்பர்தானா என்று அது சொல்லாது.

இங்கேதான் டாமி விஸ்டமின் காருக்குத் திரும்ப வேண்டும். பொதுவாக ஒரு விதி சொல்வார்கள்: தனியாருக்கு விற்ற சி-டைப் என்றால் லாக்ஹீட் டிரம் பிரேக், தொழிற்சாலை அணியின் 1953 கார் என்றால் டன்லப் டிஸ்க். நல்ல விதி, ஆனால் ரெய்ம்ஸில் ஜெயித்தது தனியார் ஒருவரின் கார், அதுவும் 1952-ல், டிஸ்க்கோடு. சோதனை நடந்த காலத்தில் தொழிற்சாலை எந்தக் காரில் எதை மாட்டும், எப்போது கழற்றும் என்பதற்கு வரைமுறை இல்லை. ஒரே கார் ஏப்ரலில் டிஸ்க், ஜூனில் டிரம் என்று இருக்க முடியும். போதாக்குறைக்கு, டிஸ்க்கின் அருமை தெரிந்ததும் டிரம் வைத்திருந்த தனியார் பலர் தங்கள் காருக்கும் டிஸ்க் போட்டுக்கொண்டார்கள். 1950-களிலேயே மாற்றியிருந்தால் அது ஏமாற்று வேலை அல்ல, அந்தக் காரின் பந்தய வாழ்க்கையின் ஒரு பகுதி. போன வருடம் மாற்றியிருந்தால் கதை வேறு. பாகம் ஒன்றாகவே இருக்கலாம். தேதிதான் வித்தியாசம்.

அதற்கும் மேலே ஒரு கேள்வி. பிரேக் என்பதே தேய்வதற்காகப் படைக்கப்பட்ட சாமான். காமர்ஸ் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பேட் மாற்றுவது வருவாய்ச் செலவு; அதை யாரும் சொத்தாக எழுத மாட்டார்கள். ரப்பர் சீல், ஹோஸ், எண்ணெய் எல்லாம் அப்படியே. டிஸ்க் தட்டும் தேயும், மாற்றுவார்கள். காலிப்பரின் உடம்பு மட்டும் கொஞ்சம் நிலைக்கும், அதிலும் துருப்பிடித்த சிலிண்டருக்கு உள்ளே புதுக் குழல் போடுவது உண்டு. ஆக 'ஒரிஜினல் பிரேக்' என்று சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறார்கள்? 1953 ஜூன் மாதம் லெ மான்ஸில் இருந்த பேட் ஒன்றுகூட இன்று எந்தக் காரிலும் இருக்க நியாயமில்லை. பந்தயம் முடிந்த கையோடு குப்பைக்குப் போயிருக்கும். அப்படியே ஒன்று தப்பிப் பிழைத்திருந்தாலும் அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பிரிட்டனில் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை வந்தது. மிகவும் ஒரிஜினலான பாகத்தை மாட்டி ஓட்டவே கூடாது என்பதுதான் நிலைமை.

இந்தக் கேள்வி ஒரு முறை லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. கார் வேறு, பென்ட்லி. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற ஸ்பீட் சிக்ஸ், 1929-லும் 1930-லும் லெ மான்ஸில் ஜெயித்தது. பிறகு அதைப் பலமாக மாற்றி 8 லிட்டர் எஞ்சின் வைத்து 1932-ல் புரூக்லண்ட்ஸ் பாதையில் ஓட்டினார்கள். விபத்தாகி கிளைவ் டன்ஃபீ என்ற ஓட்டுநர் இறந்தார். காரை மறுபடி கட்டினார்கள். எட்வர்ட் ஹப்பர்ட் என்பவரிடமிருந்து ஒரு நிறுவனம் 1 கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு, இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் இல்லை என்று சொல்லிப் பணம் தர மறுத்தது. வழக்கு 1990-ல் நீதிபதி ஆட்டன் முன்னால் வந்தது.

நீதிபதி பாகம் பாகமாகக் கணக்கெடுத்தார். 1929-ல் ஜெயித்த காரிலிருந்து, தேதி சொல்ல முடியாத சில்லறைச் சாமான்களைத் தவிர எதுவும் மிச்சமில்லை. 1930 காரிலிருந்து மிதிகள் பொருந்தும் தண்டு, கியர்பாக்ஸின் கூடு, ஸ்டியரிங் தண்டு மட்டும். விபத்துக்குள்ளான 1932 காரிலிருந்துதான் நிறைய: சேஸிஸ், ஸ்பிரிங்குகள், எஞ்சின், கூடவே பின்பக்கப் பிரேக்குகளும். முன்பக்கப் பிரேக் அந்தப் பட்டியலில் இல்லை! 1 கோடி பவுண்டு வழக்கில் ஒரு காரின் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் தனித்தனி ஜாதகத்தோடு கூண்டில் ஏறி நின்றன என்பதை நினைத்தால் சிரிப்பு வரும், ஆனால் எண்ணிய விதம் சரிதான்.

தீர்ப்பு ஹப்பர்டின் பக்கம். 1929-ல், 1930-ல் ஜெயித்த அப்படியே அந்தக் கார் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் இது பிற்பாடு செய்த நகலும் இல்லை. கார் ஒரு நாளும் சாகவில்லை, ஒரு நாளும் வேறு காராக இரண்டாகப் பிரியவில்லை, பாகங்கள் மாறிக்கொண்டே இருக்க வாழ்க்கை தொடர்ந்தது. ஆகவே இது ஓல்ட் நம்பர் ஒன்தான் என்றார். இந்திய மாணவர்கள் படிக்கும் 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 15 (விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும்), பிரிவு 16 (வாங்குபவரே பார்த்து வாங்கு) இரண்டும் பிரிட்டிஷ் சட்டத்தின் வழியில் வந்தவைதான். அவற்றுக்கு இதைவிடச் சுவையான உதாரணம் பாடப்புத்தகத்தில் இருக்குமா என்பது சந்தேகம்.

நியாயமான தீர்ப்புதான், என்றாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. தொடர்ச்சிதான் அடையாளம் என்று ஒப்புக்கொண்டால், பாகத்தைப் பார்த்து அடையாளம் காணும் வேலைக்கு மதிப்பு குறைகிறது. காகிதம் வைத்திருப்பவன் ஜெயிப்பான். ஆனால் காகிதத்தையும் ஜோடிக்கலாம். அந்த இடத்தில் மறுபடி காலிப்பரைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

பழைய கார்ப் பந்தயங்களை நடத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு இதை வேறு மாதிரி அணுகுகிறது. அதன் விதிப்படி கார் அந்தக் காலத்து அமைப்பில் இருக்க வேண்டும். 1953-ல் அந்தக் காருக்கு டிஸ்க் இருந்தது என்று ஆதாரம் காட்டினால் டிஸ்க், இல்லையென்றால் டிரம். ஆனால் பாகம் பழையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதே வடிவத்தில் புதிதாகச் செய்து போடலாம். அது தரும் பாஸ்போர்ட் கார் விதிக்கு உட்பட்டது என்பதற்கான சான்று. காரின் பூர்வீகத்துக்கான சான்று அல்ல. விற்கும்போது சிலர் அந்தப் பாஸ்போர்ட்டை ஜாதகம் போல நீட்டுவார்கள். வாங்குபவர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஜாகுவாரே இந்தக் குழப்பத்தை இன்னும் கெட்டியாக்கிவிட்டது. 1957 பிப்ரவரி 12-ஆம் தேதி பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்து, டி-டைப்பிலிருந்து தெருக் காராக மாற்றிக்கொண்டிருந்த எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களில் ஒன்பது அழிந்தன. அந்த ஒன்பதையும் புதிதாகச் செய்து தருகிறோம் என்று 2016-ல் ஜாகுவார் அறிவித்தது. 2018-ல் டி-டைப், 2021-ல் சி-டைப் என்று வரிசையாகத் தொடர்ந்தது. சி-டைப்பை 1953 லெ மான்ஸ் கார் மாதிரி, டிஸ்க் பிரேக்கோடு. எக்ஸ்.கே.எஸ்.எஸ்.-ஸில் டன்லப் டிஸ்க் மட்டுமில்லை, பிளெஸ்ஸி பம்ப்பையும் அப்படியே கொண்டுவந்தார்கள். பழைய வரைபடம், அதே நிறுவனம். ஆக இப்போது உலகத்தில் எல்லா அளவும் சரியாக உள்ள, எண்ணிக்கையும் சரியாக உள்ள, பம்ப்போடு கூடிய புத்தம் புது பிரேக் செட்டுகள் இருக்கின்றன. இன்னும் முப்பது வருடம் ஓடித் தேய்ந்து அழுக்கேறிய பிறகு அவற்றைப் பழைய பிரேக்கிலிருந்து பிரித்துச் சொல்ல, மேலே சொன்ன டேப்பும் எண்ணிக்கையும் உதவாது. உலோகக் கலவையும் மெஷின் கோடும்தான் மிஞ்சும்.

இவ்வளவுக்கும் நடுவே சொந்தக்காரரின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். எழுபது வருடத்துக் காலிப்பரின் வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதை நம்பி இன்றைக்குப் பந்தயப் பாதையில் 200 கிலோமீட்டரில் போகிறவர் வரலாற்றை மதிக்கிறாரா, உயிரை மதிக்கவில்லையா? அதற்காகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய காலிப்பர்களைக் கழற்றி, எண்ணெய் தடவி, சுற்றி, ஒரு பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிடுவது. ஓட்டுவதற்கு அதே வடிவில் புதியவற்றை மாட்டிக்கொள்வது. கார் கைமாறும்போது அந்தப் பெட்டியும் கூடவே போகும். எந்தக் காலிப்பர் எந்தச் சக்கரத்திலிருந்து வந்தது, எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதி ஒரு சீட்டும் உள்ளே இருந்தால், அடுத்து வாங்குபவர் அதிர்ஷ்டசாலி.